ரப்பர் வௌவால்களுக்கு மரியாதை

தீவிர சினிமா ரசிகர்கள் கூடும் இடங்களில், பிடித்த இயக்குநர் யார் என்ற கேள்விக்குச் சொல்வதற்கென்றே சில பெயர்கள் உண்டு. தார்க்கோவ்ஸ்கி, பெர்க்மன், ஓசு, ராய். இவர்கள் எல்லோரையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க வேலை செய்து களைத்து, இரவு பதினொரு மணிக்குத் தனியாக ஒரு படம் பார்க்க உட்கார்ந்தால் என் கை தேடிப்போவது வேம்பயர் படங்களைத்தான். அவற்றில் கலைப்படங்கள் என்று பெயரெடுத்தவை சில உண்டு. மீதியெல்லாம் கயிறு தெரியும்படி பறக்கும் ரப்பர் வௌவால்கள், தள்ளினால் ஆடும் கல்லறைகள், பெயின்ட் டப்பாவிலிருந்து ஊற்றியது போன்ற ரத்தம் இவற்றால் ஆன படங்கள். இந்த இரண்டாவது வகையையும் நான் விடுவதில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் எனக்கு ஒரு தப்பிக்கும் வழியைக் காட்டுவார்கள். "படம் அவ்வளவு மோசமாக இருப்பதால் சிரித்து ரசிக்கிறீர்கள், அதுதானே?" என்பார்கள். கேலிக்காகப் பார்ப்பது கௌரவமானது, பிடித்துப்போய்ப் பார்ப்பதுதான் சங்கடமானது என்று ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் நமக்குள் இருக்கிறது. நான் சிரிப்பதுண்டு, மறுக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகும் படத்தை நிறுத்தாமல் பார்க்கிறேனே, அது எதனால் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பெயர்ச் சிக்கல். தமிழில் நாம் இந்த இனம் முழுவதையும் 'டிராகுலா' என்றே அழைக்கிறோம். ஓர் ஆளின் பெயர் குலத்தின் பெயராகிவிட்டது. 'ரத்தக் காட்டேரி' என்பது இன்னொரு வழக்கு. ஆனால் காட்டேரி நம் ஊர்களில் படையல் வாங்கும் தெய்வமும்கூட. ஐரோப்பியப் பிரபு ஒருவனை அந்தப் பெயரால் அழைப்பது காட்டேரிக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. எதிர்த்திசையிலும் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டபோது, தலைப்பிலேயே நம் வேதாளத்தை வேம்பயர் ஆக்கிவிட்டார். மரத்தில் தொங்குவதைத் தவிர இரண்டுக்கும் வெளிப்படையான ஒற்றுமை அதிகமில்லை. விக்கிரமனின் தோளில் ஏறிய வேதாளம் அவன் ரத்தத்தைக் குடிப்பதில்லை. கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. ஆனால் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடிக்கும். வாயைத் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு பேரும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். வேம்பயரோடு அதற்கு உள்ள உண்மையான உறவு இதுதான் என்று நினைக்கிறேன்.

வேம்பயர் படம் தரும் முதல் இன்பம் விதிகள் தரும் இன்பம். கண்ணாடியில் பிம்பம் விழாது. பூண்டு ஆகாது. சிலுவை ஆகாது. சொந்த மண்ணில்தான் உறங்க வேண்டும். வீட்டார் யாராவது ஒருமுறை அழைத்தாலொழிய வாசற்படியைத் தாண்ட முடியாது. பிராம் ஸ்டோக்கர் தன் 1897-ஆம் ஆண்டு நாவலில் இவற்றையெல்லாம் ஒரு சட்டப் புத்தகம்போலத் தொகுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் இன்று குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கிற விதி, வெயில் பட்டால் அழிவான் என்பது, அந்த நாவலில் கிடையாது. ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறான். பகலில் அவனுடைய சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். நாவலின் முடிவில் அவனைக் கொல்வதும் மர ஆப்பு அன்று. ஒரு குக்ரியும் ஒரு வேட்டைக் கத்தியும்.

வெயிலில் கரைந்துபோகும் முடிவைக் கொண்டுவந்தது சினிமா. எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922-இல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில், சேவல் கூவும்வரை ஒரு பெண் தன் ரத்தத்தைக் கொடுத்து அவனைத் தன் அறையில் தடுத்து வைக்கிறாள். விடியலின் வெளிச்சம் பட்டு அவன் புகையாகிறான். இந்தப் படத்துக்கு நாவலின் உரிமை வாங்கப்படவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். பிரதிகள் அனைத்தையும் அழிக்கும்படி 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் மட்டும் எங்கெங்கோ இருட்டில் பதுங்கிக் கிடந்து பிழைத்தன. செத்ததாக அறிவிக்கப்பட்ட பிறகும் எழுந்து வந்த படம் என்ற வகையில், தன் பாத்திரத்துக்கு அது மிகவும் விசுவாசமாக நடந்துகொண்டது.

நம் பழைய புலவர்களிடம் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்கள். கடைசி அடி முன்னரே தீர்மானமாகிவிட்டது. தளை தட்டக் கூடாது. மீதி அடிகளில் நீ என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்பது சவால். வேம்பயர் படமும் இப்படி ஈற்றடி கொடுக்கப்பட்ட வெண்பாதான். ஈற்றடி எப்போதும் சாம்பல். அதுவரை எந்த விதியைக் காப்பாற்றுகிறார்கள், எதைத் தளர்த்துகிறார்கள், தளர்த்தியதற்கு என்ன சமாதானம் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பதில் ஒரு யாப்பு ரசிகனின் சுகம் இருக்கிறது. பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் 1958-இல் எடுத்த 'டிராகுலா'வில், வேம்பயர்கள் வௌவாலாக மாறுவார்கள் என்பது பாமரர்களின் தவறான நம்பிக்கை என்று வான் ஹெல்சிங் விளக்குகிறார். சிறிய செலவில் எடுத்த படத்துக்கு எவ்வளவு வசதியான சித்தாந்தம்! இரண்டே ஆண்டுகளில் அதே நிறுவனம் எடுத்த 'தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வில் வௌவால் தாராளமாகப் பறக்கிறது. அந்தப் படத்தின் முடிவில் கையில் சிலுவை ஏதுமில்லாத வான் ஹெல்சிங், ஒரு காற்றாலையின் இறக்கையில் தொற்றி அதைத் திருப்பி நிறுத்துகிறார். நிலவொளியில் இறக்கைகளின் நிழல் தரையில் ஒரு மாபெரும் சிலுவையாக விழுகிறது. அசட்டுத்தனமும் கவித்துவமும் ஒரே நேரத்தில் சம்மணம் போட்டு உட்காரும் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே நான் எத்தனை மோசமான படத்தையும் பொறுத்துக்கொள்வேன்.

*

அசட்டுத்தனம் என்றதும் பெலா லுகோசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். டாட் பிரவுனிங் இயக்கி யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் வெளியிட்ட 'டிராகுலா'வை இன்று பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது அதன் மந்தம்தான். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. கோட்டையின் இடிபாடுகளில் அமெரிக்காவின் கவச விலங்கான ஆர்மடில்லோ ஓடுகிறது. டிரான்சில்வேனியாவுக்கு அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. டிராகுலாவின் மரணம் திரைக்கு வெளியே ஒரு முனகலோடு முடிந்துவிடுகிறது. அதே அரங்குகளில் இரவு நேரங்களில் இன்னொரு குழு இதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தது. கேமரா அசைவில் அதுவே மேலானது என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அதில் லுகோசி இல்லை.

அன்று ஹங்கேரியிலும் இன்று ருமேனியாவிலும் இருக்கிற லுகோஸ் என்ற ஊரில் 1882-இல் பிறந்து, ஊரின் பெயரையே மேடைப் பெயராக்கிக்கொண்டவர் அவர். 1927-இல் பிராட்வே மேடையில் டிராகுலாவானார். ஆங்கிலம் அவருக்குப் பிந்தி வந்த மொழி. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, எடை பார்த்து, இடைவெளி விட்டு வைப்பார். உலகம் முழுவதும் மிமிக்ரி கலைஞர்கள் கேலி செய்கிற அந்த உச்சரிப்பு அந்த இடைவெளிகளிலிருந்து பிறந்தது. திரையில் அவர் டிராகுலா என்ற பெயரில் நடித்தவை இரண்டே முழுநீளப் படங்கள்தான். இரண்டாவது 1948-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படம். ஆனால் அந்த மேலங்கியை அவரால் கழற்ற முடியவில்லை. வாய்ப்புகள் சுருங்கின. போதை மருந்துப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக 1955-இல் தானே முன்வந்து சிகிச்சையில் சேர்ந்தார். 1956-இல் இறந்தபோது குடும்பத்தினர் டிராகுலாவின் மேலங்கி ஒன்றை அணிவித்தே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய மறைவுக்குப் பிறகு வந்தது எட் வுட் இயக்கிய 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. உலகின் மிக மோசமான படம் என்று பலமுறை பட்டம் சூட்டப்பட்ட படம் இது. 1957-இல் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. லுகோசியை வைத்து எடுத்த சில நிமிட ஒலியில்லாத காட்சிகள் மட்டுமே எட் வுட்டிடம் இருந்தன. மிச்சக் காட்சிகளுக்கு, முதுகெலும்பு வைத்தியர் ஒருவர் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு வந்து போகிறார். அவர் லுகோசியைவிட உயரம். முடிநிறமும் வேறு. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்போம். ஆனால் அந்தச் சில நிமிடங்களை ஒருமுறை தனியாகப் பாருங்கள். மனைவியை இழந்த ஒரு முதியவர் வீட்டிலிருந்து வெளியே வருகிறார். செடியருகே நிற்கிறார். ஒரு பூவைப் பறித்து முகர்கிறார். சட்டகத்தை விட்டு நடந்து போகிறார். படம் முழுக்கப் பொய்யாக இருப்பதாலேயே அந்த நடை அப்படித் தெரிகிறது. நேர்த்தியான படத்தில் ஒளியும் இசையும் படத்தொகுப்பும் சேர்ந்து நடிகரைத் தூக்கிப் பிடிக்கும். அங்கே நாம் பார்ப்பது பாத்திரத்தை. மோசமான படத்தில் சுற்றிலும் எல்லாம் இடிந்து விழுந்த பிறகு, வேலைக்கு வந்த ஒரு மனிதர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டு நிற்பார்.

*

இந்த எண்ணம் எனக்குத் தெளிவானது ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில். அக்காவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தபின், 2016 இறுதியிலிருந்து ஒன்றரை ஆண்டுகள் வாரத்துக்கு இரண்டு முறை அவளை அழைத்துச் செல்வது என் பொறுப்பாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் சுற்றி, சுத்தமாகித் திரும்பிப் போவது கண்ணுக்கு நேராகத் தெரியும். முதல் வாரத்திலேயே அக்கா சொன்னாள்: "டேய், உன் டிராகுலாவ எல்லாம் கொண்டுவாடா. இங்க உக்காந்து பாக்கறதுக்கு அதுதான் பொருத்தம்." சின்ன வயதில், டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், 'ஃப்ரைட் நைட்' பார்த்துவிட்டு ஒரு மாதம் கொல்லைப்புறம் போகப் பயந்தவர்கள் நாங்கள். மடிக்கணினியில் படங்களை நிரப்பிக்கொண்டு போனேன். ஹாமர் படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரு சிகிச்சைக்கு இரண்டு படம் பார்த்து, பேசுவதற்கும் நேரம் மிஞ்சும்.

அக்கா கணக்கு டீச்சர். விதிகள் அவளுக்கு உடனே பிடிபட்டன. சொல்லப்போனால் அவளே ஒரு விதிப் பட்டியலுக்குள்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். இளநீர் ஆகாது. வாழைப்பழம் ஆகாது. ஊறுகாய் ஆகாது. உப்பைத் தொடக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த தண்ணீர். "பூண்டு மட்டும் எனக்கு ஆகும். அந்த ஒண்ணுதான் வித்தியாசம்" என்பாள். வேம்பயர்களின் தாகத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் படித்திருக்கிறேன்; காமம், முதலாளித்துவம், கொள்ளைநோய் என்று அதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கிறிஸ்டோபர் லீ கண்கள் சிவக்க ஒரு கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "பாவம், தாகம்" என்றாள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் அது.

அவளுக்கு மிகவும் பிடித்தது 1985-இல் வந்த ஹாங்காங் படமான 'மிஸ்டர் வேம்பயர்'. சீனத்து வேம்பயர்கள் விறைத்த உடம்போடு, கைகளை நீட்டியபடி தத்தித் தத்தி வருகிறவர்கள். மூச்சை அடக்கினால் அவர்களுக்கு நம்மைத் தெரியாது. மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதத்தை நெற்றியில் ஒட்டினால் அப்படியே நின்றுவிடுவார்கள். கடிபட்டவனுக்கு மருந்து, வெந்தால் பசைபோல ஒட்டுகிற ஒருவகை அரிசி. ஆனால் அரிசிக் கடைக்காரன் அதில் சாதாரண அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறான், வைத்தியம் கெடுகிறது. கலப்படத்தால் பேய் பிழைக்கும் இந்த இடத்தில் அக்கா சிரித்த சிரிப்பில் இயந்திரம் ஏதோ ஒலி எழுப்பி, சிஸ்டர் ஓடிவந்து, கையை அசைக்கக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போனார். போகும்போது அவரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

ஹாமர் படங்களை வரிசையாகப் பார்த்தோம். 1958-ஆம் ஆண்டுப் படம் இன்றும் கூர்மையானது. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கியது. டிராகுலாவாக லீ, வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங். 'டிரா-கு-லா' என்ற மூன்று அசைகளையே மூன்று ஸ்வரங்களாக்கி ஜேம்ஸ் பெர்னார்ட் இசையமைத்திருப்பார். உச்சக்காட்சியில் குஷிங் நீளமான மேசைமீது ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விடுகிறார். இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குகிறார். அந்தத் தண்டுகள் குஷிங்கின் யோசனை. ஆனால் என்னை அதைவிடத் தொடுவது சிறிய காட்சி ஒன்று. வேம்பயராகிவிட்ட லூசி ஒரு சிறுமியைக் கல்லறைக்கு அழைத்துச் செல்கிறாள். அவளை விரட்டியபிறகு வான் ஹெல்சிங் முதலில் செய்வது, குளிரில் நடுங்கும் சிறுமிக்குத் தன் கோட்டைப் போர்த்தி, பயம் தெளியும்படி பேச்சுக் கொடுப்பது. ஒரு பேய்ப்படத்துக்கு இது தேவையே இல்லை. தேவையில்லாததை அக்கறையோடு செய்கிறவர்களிடம்தான் கலை தங்குகிறது.

பிறகு சரிவு தொடங்குகிறது. 1966-இல் வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' படத்தில் லீ ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். வசனங்கள் மோசமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்பது லீயின் தரப்பு. நான் வசனமே எழுதவில்லை என்பது திரைக்கதை ஆசிரியர் ஜிம்மி சாங்ஸ்டரின் தரப்பு. 1970-இல் வந்த 'ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா'வின் ரப்பர் வௌவால் ரசிகர்களிடையே தனிப் புகழ் பெற்றது. கடைசியில், 1973-இல் வந்த படத்தில் டிராகுலா லண்டனில் ரியல் எஸ்டேட் அதிபராகிவிடுகிறான். "இதுல மட்டும் கற்பனையே இல்லையே" என்றாள் அக்கா.

அதற்கு முந்தைய படம் 'டிராகுலா ஏ.டி. 1972'. அந்தக் காலத்து லண்டன் இளைஞர்கள், விருந்து, இசைக்குழு, குழந்தைத்தனமான சாத்தான் பூசை. வில்லனின் சீடன் பெயர் ஜானி அலுகார்ட். பெயரைக் கேட்டவுடன் அக்கா "திருப்பிப் படி" என்றுவிட்டாள். படத்திலோ குஷிங் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து, எழுத்து எழுத்தாக எழுதி, கோடு போட்டு இணைத்து, அது 'டிராகுலா'வின் தலைகீழ் என்று கண்டுபிடிக்கிறார். வாழ்நாள் முழுவதும் டிராகுலாவை ஆராய்ந்த குடும்பத்தின் பேராசிரியர்! நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது மோசமான படம்னு இந்தப் பெரியவருக்கு மட்டும் யாரும் சொல்லலையா?"

நான் அவளுக்குச் சொன்னேன். குஷிங்கின் மனைவி ஹெலன் 1971 ஜனவரியில் இறந்துபோனார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் இந்தப் படப்பிடிப்பு. கதாநாயகி ஜெசிகாவுக்குத் தகப்பனாக எழுதப்பட்டிருந்த பாத்திரம் அவருடையது. மனைவி போன துக்கத்தில் அவர் அவ்வளவு முதுமை அடைந்திருந்ததால் தகப்பனைத் தாத்தாவாக மாற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 58. படத்தில் எத்தனையோ பேர் கண்சிமிட்டும் பாவனையில் நடிக்கிறார்கள். அவர் மட்டும் பேத்தியைக் காப்பாற்ற வேண்டிய கவலையை நிஜமாகவே சுமந்துகொண்டு வந்துபோகிறார். அக்கா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேனாக் காட்சிய இன்னொருவாட்டி போடு" என்றாள். போட்டேன். கன்னங்கள் ஒட்டிப்போன அந்த மனிதர், ஒரு குழந்தைக்கும் தெரியும் விடையை, உலகத்தின் கடைசிக் கணக்கைப் போடுகிற கவனத்தோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை பார்க்கும்போது நானும் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு படத்தை அக்கா பாதியில் நிறுத்தச் சொன்னாள். டோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008-இல் இயக்கிய ஸ்வீடிஷ் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்'. பனி மூடிய புறநகர்க் குடியிருப்பு, தனிமையான சிறுவன் ஆஸ்கார், பக்கத்து வீட்டுக்கு வரும் எலி. இந்த நூற்றாண்டின் சிறந்த வேம்பயர் படங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அழைப்பு விதியை அதைப்போல ஆழமாகப் பயன்படுத்திய படமும் இல்லை. அழைக்காமல் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்கார் சீண்டுகிறான். எலி உள்ளே வந்து நிற்கிறாள். உடம்பெங்கும் ரத்தம் கசியத் தொடங்குகிறது. அவன் பதறிப்போய் வா என்கிறான். அந்த இடத்தில் அக்கா கையைக் காட்டினாள். "ரொம்ப நல்ல படம்டா. ஆனா இது கேக்காமலே உள்ள வந்துடுது. வேற ஏதாவது போடு."

நல்ல கலை அப்படித்தான். அனுமதி கேட்பதில்லை. அதன் பெருமையே அதுதான். ஆனால் சில வீடுகளில், சில காலங்களில், கேட்காமல் உள்ளே வருகிறவர்களைத் தாங்க முடியாது. ஏற்கெனவே ஒருவர் அப்படி வந்து உட்கார்ந்திருப்பார். மோசமான வேம்பயர் படமோ தன் அட்டைக் கோட்டையோடும் ரப்பர் வௌவாலோடும் வாசலில் வந்து நிற்கிறது. 'கொஞ்சம் நம்பினால் போதும், உள்ளே வருகிறேன்' என்கிறது. நாம் நம்பாவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நம்பினால், மரணத்தைப் பற்றி அது பேசும். மரணத்துக்கும் விதிகள் உண்டு, பேரம் பேசலாம், திரைச்சீலையைக் கிழித்தால் வெயில் உள்ளே வரும் என்று சொல்லும். பொய்தான். பொய் என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்த பொய். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட பொய்யின் மதிப்பு தெரிந்திருக்கும். அக்கா 2018 ஜூனில் போய்ச் சேர்ந்தாள். அந்தப் படத்தின் மீதியை நான் தனியாகப் பார்த்து முடிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

*

நம்பிக்கை என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். நாங்கள் சிறுவயதில் பார்த்துப் பயந்த 'ஃப்ரைட் நைட்' உண்மையில் இதைப் பற்றிய படம் என்பது பிறகுதான் புரிந்தது. டாம் ஹாலண்ட் இயக்கி 1985-இல் வந்தது. அதில் ரோடி மெக்டவல் நடிக்கும் பீட்டர் வின்சென்ட் என்ற பாத்திரம், பீட்டர் குஷிங், வின்சென்ட் பிரைஸ் இருவரின் பெயர்களையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. பழைய பேய்ப்படங்களில் வேம்பயர் வேட்டைக்காரனாக நடித்து, இப்போது தொலைக்காட்சியில் அந்தப் படங்களை அறிமுகம் செய்துகொண்டிருந்து, அந்த வேலையும் போய்விட்ட நடிகர். அவரிடம் ஒரு பையன் வந்து, பக்கத்து வீட்டில் நிஜமான வேம்பயர் இருக்கிறான், உதவுங்கள் என்கிறான். பீட்டர் வின்சென்ட் நீட்டும் சிலுவையை வேம்பயர் கையால் நசுக்கிவிடுகிறான். சிலுவை வேலை செய்ய வேண்டுமானால் பிடித்திருப்பவருக்கு நம்பிக்கை வேண்டும் என்று சிரிக்கிறான். வாழ்நாளெல்லாம் அட்டைச் சிலுவையைப் பிடித்து நடித்தவர், நடுங்கியபடியே, மீண்டும் ஒருமுறை அதைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போகிறார். மலிவான பேய்ப்படங்களில் நடித்து முதுமையடைந்த எல்லா நடிகர்களுக்கும் செலுத்தப்பட்ட காணிக்கை என்று இதைச் சொல்வேன்.

வடிவம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. ராபர்ட் எகர்ஸ் 2024-இல் 'நோஸ்ஃபெராட்டு'வை மறுபடியும் எடுத்தார். 2025-இல் ரயன் கூக்லரின் 'சின்னர்ஸ்' வந்தது. 1932-இன் மிசிசிப்பி, கறுப்பினத்தவர்கள் தங்களுக்கென்று திறந்த ஓர் இசைக்கூடம். வாசலில் வேம்பயர்கள் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள், பணம் காட்டுகிறார்கள், அன்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நூறு ஆண்டுப் பழைய விதி ஒன்று, யாரை உள்ளே விடுவது என்ற ஒரு சமூகத்தின் மிகப் பெரிய கேள்வியாக விரிந்து நிற்பதைப் பார்த்தபோது, விதிகளை மதித்துக் காப்பாற்றிவந்த அத்தனை மோசமான படங்களுக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. வடிவத்தை உயிரோடு வைத்திருந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஃபிஷரின் 1958 'டிராகுலா'வை இரவில், தனியாக. சில நாள் இடைவெளி விட்டு 'டிராகுலா ஏ.டி. 1972', குஷிங்கை மட்டும் கவனித்துக்கொண்டு. லுகோசிக்கு ஒரு மழைநாளை ஒதுக்குங்கள். அவருடைய இடைவெளிகளுக்கு மழைச் சத்தம் துணையாக இருக்கும். வீடு நிறைய உறவினர்கள் வந்திருந்தால் 'மிஸ்டர் வேம்பயர்' போடலாம், குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அரிசியை மட்டும் நம்பகமான கடையில் வாங்குங்கள்.